தாமிரபரணிப் படுகை வீடுகளில் அச்சமூட்டும் பறக்கும் பூச்சிகள்: அடையாளமும் அணுகுமுறையும்

1. நோக்கமும் எல்லையும்

ஐப்பசி மழை ஓய்ந்த இரவுகளில் பாளையங்கோட்டை, மேலப்பாளையம், பேட்டைப் பக்கத்து வீடுகளில் ஒரு கூக்குரல் அடிக்கடி எழும்: "ஏதோ பெரிய பூச்சி உள்ள வந்துட்டு, வெளக்க அணைங்க!" உடனே துடைப்பம் வரும், செருப்பு வரும், மருந்துப் புட்டியும் வரும். வந்தது என்னவென்று ஒருவர் குனிந்து பார்ப்பதற்குள் அது நசுங்கிப் போயிருக்கும். காலையில் வீடு கூட்டும்போது ஒரு கொம்போ பாதிச் சிறகோ முறத்தில் வரும். அதைப் பார்த்துப் பெயர் சொல்ல வீட்டில் ஆள் இருக்காது.

அந்தப் பெயர்களைச் சேர்த்துத் தருவது இக்கட்டுரையின் முதல் நோக்கம். இரண்டாவது நோக்கம் ஒரு கருத்தை நிறுவுவது. தோற்றத்தால் நம்மை மிகவும் மிரட்டுகிற பூச்சிகளில் பெரும்பாலானவை தனித்து வாழ்பவை. மனிதரைத் தாக்க அவற்றுக்குக் காரணமே இல்லை. தீங்கு செய்யக்கூடியவை இரண்டே கூட்டம்: கூடு கட்டிக் கும்பலாக வாழ்பவை, கண்ணில் படாத அளவுக்குச் சிறியவை. ஆகவே ஒரு பூச்சியின் உருவத்தைக் கண்டு முடிவெடுக்காமல் அது வாழும் முறையைக் கேட்டு முடிவெடுக்க வேண்டும்.

ஆய்வின் நில எல்லை பாபநாசம் தொடங்கி அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி வழியாக ஸ்ரீவைகுண்டம் வரையிலான ஆற்றுப் படுகை. எல்லா இனங்களையும் பட்டியலிடுவது இங்கே இயலாது. வீட்டுக்குள் அல்லது வாசலில் காணக்கூடியவை மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன.

2. நிலமும் பருவமும்

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் கலக்கும் தாமிரபரணியின் நீளம் ஏறக்குறைய 128 கி.மீ. இந்தச் சிறிய தூரத்துக்குள் மழைக்காடு, நெல்வயல், வாழைத்தோட்டம், தென்னந்தோப்பு, பனங்காடு, தேரி மணல் எல்லாம் அடுத்தடுத்து வந்துவிடுகின்றன. மேலே 1988-இல் அமைக்கப்பட்ட களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் காடுகள் நிற்கின்றன. கீழே கன்னடியன் கால்வாய், கோடகன் கால்வாய், பாளையங்கால்வாய் ஆகியவை ஆற்றுநீரை வயலுக்கும் குளத்துக்கும் கொண்டு போகின்றன. நெல்லை நகரத்தில் வயல் எங்கே முடிகிறது, தெரு எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. வயலின் பூச்சி நம் வீட்டு விளக்குக்கு வருவது அதனால்தான்.

பருவம் தெரிந்தால் பாதி அடையாளம் தெரிந்தது போல. சாரல் காலத்தில் தட்டான்கள் கூட்டமாகத் தாழப் பறக்கும். வடகிழக்குப் பருவமழையின் முதல் நல்ல மழைக்கு மறுநாள் ஈசல் புறப்படும். கார், பிசானம் ஆகிய இரு போகங்களிலும் வயலில் ஈரம் நிற்கும் மாதங்களில் விளக்குப் பூச்சிகள் பெருகும். குளவிகளுக்குச் சேறு வேண்டும் என்பதால் கால்வாயில் தண்ணீர் விட்டதும் அவை கட்டுமானத்தைத் தொடங்கும்.

3. அடையாளம் காணும் முறை

பூச்சியைக் கொல்லாமல், தொடாமல், இரண்டடி தள்ளி நின்றபடி நான்கு கேள்விகள் கேட்டால் போதும்.

(அ) சிறகு எத்தனை, எப்படிப்பட்டது? ஈ, கொசு இனங்களுக்கு இரண்டே சிறகு. மற்றவற்றுக்கு நான்கு. மேல் இரண்டும் ஓடுபோலக் கெட்டியாக மூடியிருந்தால் வண்டு. மாவுபோன்ற செதில்கள் இருந்தால் வண்ணத்துப்பூச்சி அல்லது அந்துப்பூச்சி. கண்ணாடிபோல் இருந்தால் குளவி, தேனீ, தட்டான், ஈசல் ஆகியவற்றுள் ஒன்று.

(ஆ) இடுப்பு எப்படி? நூல்போல மெலிந்த இடுப்பு குளவியின் அடையாளம். உருண்டு மயிரடர்ந்த உடல் தேனீ இனத்தின் அடையாளம்.

(இ) தனியாக வந்ததா, கூட்டமாகவா? ஒரே துளைக்குள்ளோ ஒரே தொங்கலுக்கோ பல பூச்சிகள் போய்வந்தால் அது கூட்டுக்குடும்பம்.

(ஈ) எந்த நேரம், எந்த இடம்? பகலில் சன்னலோரம் மண் சுமப்பதும், இரவில் குழல்விளக்கைச் சுற்றுவதும் வேறு வேறு இனங்கள்.

கொட்டும் கொடுக்கு குளவி, தேனீ, எறும்பு இனங்களுக்கு மட்டுமே உண்டு. அதுவும் பெண்ணுக்கு மட்டுமே, ஏனெனில் கொடுக்கு என்பது முட்டையிடும் உறுப்பு மாறி அமைந்தது. வண்டு, அந்து, தட்டான் எதுவும் கொட்டாது. இந்த ஒரு செய்தி மனத்தில் பதிந்தாலே இரவுக் கூக்குரல்களில் பாதி அடங்கிவிடும்.

4. வகைகள்

4.1 மண்குளவிகள்

எங்கள் வீட்டுச் சன்னல் சட்டத்தின் மூலையில் ஒரு குளவி கட்டுவதை ஒரு வாரம் பார்த்தேன். கருப்பு உடலில் மஞ்சள் கோடுகள், நூல் இடுப்பு, தொங்கும் கால்கள். பார்த்ததும் ஒதுங்கத் தோன்றும் உருவம்தான். அது கால்வாய்க் கரையிலிருந்து கடுகளவு சேற்றுருண்டையை வாயில் ஏந்தி வரும். சட்டத்தில் அதை வைத்து, தலையால் அழுத்திக்கொண்டே ஒரு ரீங்காரம் எழுப்பும். அந்த அதிர்வில் சேறு இளகிப் பரவும். ஒரு விரல்கணு நீள அறை முடிந்ததும் சேறு நின்று சிலந்திகள் வரத் தொடங்கின. ஒவ்வொன்றும் உயிரோடு, ஆனால் அசைவில்லாமல். ஒரு சிலந்தியின் மேல் முட்டையிட்டு, அறை நிறைந்ததும் வாயைப் பூசிவிட்டுப் பக்கத்தில் அடுத்த அறையைத் தொடங்கியது. அந்த வாரம் முழுவதும் நான் ஒரு முழத் தூரத்தில் நின்றிருக்கிறேன். ஒருமுறைகூட அது என் பக்கம் திரும்பவில்லை.

இந்த இனத்தின் அறிவியல் பெயர் செலிஃப்ரான் மதராஸ்படானம். சென்னையின் பழைய பெயரான மதராசபட்டினம் அதில் அப்படியே உறைந்திருக்கிறது. டென்மார்க்கில் பிறந்த யோஹான் கிறிஸ்டியன் ஃபாப்ரிசியஸ் 1781-இல் இதற்குப் பெயரிட்டார். அவரும் 1768-இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்த யோஹான் கெர்ஹார்டு கோனிக்கும் வகைப்பாட்டு அறிஞர் லின்னேயசின் மாணவர்கள். தமிழகக் கடற்கரையில் திரட்டப்பட்ட பூச்சிகள் ஐரோப்பாவுக்குப் போய்ப் பெயர் பெற்ற காலம் அது.

பானைக்குளவி இதற்கு உறவு. குறுகிய கழுத்தும் விரிந்த வாயுமுள்ள சின்னஞ்சிறு மண்பானையைச் செடித்தண்டிலும் சுவரிலும் வனையும். முதலில் முட்டையை ஒரு நூலில் பானையின் உட்கூரையிலிருந்து தொங்கவிடும். பிறகு பச்சைப் புழுக்களைக் கொண்டுவந்து அடைக்கும். கத்தரிக்கும் பருத்திக்கும் கேடு செய்யும் புழுக்கள் பலவும் இப்படித்தான் குறைகின்றன.

குளவி புழுவைக் கொட்டிக் கொட்டிக் குளவியாகவே மாற்றிவிடும் என்பது நம் பெரியவர்கள் குரு சீடன் உறவுக்குச் சொன்ன உவமை. புழு உள்ளே போனதையும் குளவி வெளியே வந்ததையும் அவர்கள் சரியாகவே கண்டிருக்கிறார்கள். இடையில் முட்டை ஒன்று இருந்ததுதான் கண்ணுக்குத் தப்பியது. குளவி கூடு கட்டினால் வீட்டில் பிள்ளை பிறக்கும் என்ற நம்பிக்கை அந்தக் கூட்டைத் தலைமுறைகளாகக் காப்பாற்றி வந்தது.

4.2 கரப்பான்பூச்சியின் எதிரிகள்

பழைய வீட்டுக் குளியலறையிலோ அடுப்படியிலோ மயில்கழுத்துப் பச்சையில் மின்னும், தொடைகள் மட்டும் சிவந்த ஒரு குளவி தரையோடு ஓடினால், அது ஆம்புலெக்ஸ் கம்ப்ரெஸ்ஸா. மரகதக் குளவி எனலாம். கரப்பானின் மார்பில் முதல் கொட்டு. அதில் முன்கால்கள் சற்று நேரம் செயலிழக்கும். தலைக்குள் இரண்டாவது கொட்டு. அதில் தானாக ஓடும் முனைப்பு போய்விடும். பிறகு கரப்பானின் உணர்கொம்பைப் பிடித்து, மாட்டை மூக்கணாங்கயிற்றில் நடத்துவதுபோல் வளைக்கு நடத்திச் செல்லும். அங்கே அதன் காலில் ஒரு முட்டை. கரப்பானைக் கட்டுப்படுத்த 1941-இல் இந்தக் குளவியை ஹவாய்த் தீவுகளுக்குக் கொண்டுபோய் விட்டார்கள்.

இன்னொன்று கருப்பாக, ஒன்றரை செ.மீ.க்குள், சிலந்திக்குச் சிறகு முளைத்தாற்போல் இருக்கும். அதன் சின்ன வயிறு கொடிபோல் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். எவானியா அப்பெண்டிகாஸ்டர் என்ற கொடிக்குளவி இது. கரப்பானின் முட்டைப்பைக்குள் தன் முட்டையை இடும். மனிதரை ஒன்றும் செய்யாது. இது சன்னலில் தென்பட்டால் வீட்டில் எங்கோ கரப்பான் முட்டை இருக்கிறது என்று பொருள். அடித்துக் கொல்வதற்குப் பதிலாக அலமாரியைத் துப்புரவு செய்வதுதான் அதற்குரிய மறுமொழி.

4.3 கருவண்டு

ஒரு விரல்கட்டை பருமனில், கன்னங்கரேலென்று, நீலம் மின்னும் சிறகோடு உறுமிக்கொண்டு வரும் கருவண்டு உண்மையில் வண்டினம் அன்று. தேனீ இனம், சைலோகோபா என்ற தச்சுத்தேனீ. காய்ந்த மூங்கிலிலும் பூச்சில்லாத உத்திரத்திலும் அச்சுப் பிசகாத வட்டத் துளை போடும். கீழே மரத்தூள் உதிர்ந்து கிடக்கும். முகத்துக்கு நேரே வந்து அந்தரத்தில் நின்று முறைப்பது பெரும்பாலும் ஆண். அதற்குக் கொடுக்கே இல்லை. பெண்ணுக்கு உண்டு என்றாலும் கையில் பிடித்து நசுக்கினால் அன்றிக் கொட்டாது. எருக்கம்பூவும் ஆவாரம்பூவும் காய்பிடிப்பதில் இதற்குப் பெரும்பங்கு உண்டு. மரத்துக்கு எண்ணெயோ வண்ணமோ பூசினால் வேறிடம் தேடிப் போய்விடும்.

4.4 இரவில் விளக்குக்கு வருபவை

காண்டாமிருக வண்டு: தலையில் ஒற்றைக் கொம்பு, பளபளக்கும் கரும்பழுப்பு ஓடு. சுவரில் மோதிக் கல் விழுந்த சத்தத்தோடு தரையில் மல்லாந்து கிடக்கும். ஆளுக்குத் தீங்கில்லை, தென்னைக்குத்தான் தீங்கு. குருத்தைத் துளைத்துத் தின்பதால், பின்னாளில் விரியும் மட்டை விசிறிபோல் வெட்டுப்பட்டுத் தெரியும். இதன் புழு வளர்வது உரக்குழியில். விளக்கடியில் ஒரு வண்டை மிதிப்பதைவிட உரக்குழியை அவ்வப்போது கிளறிப் புழுவைப் பொறுக்குவது தோப்புக்குப் பயன்தரும்.

பெரிய நீர்ப்பூச்சி: தட்டையான பழுப்புடல், முன்கால் இரண்டும் இடுக்கிபோல். குளத்திலிருந்து மழையிரவில் விளக்குக்குப் பறந்து வரும். இதைக் கையால் எடுக்கக்கூடாது. கடித்தால் வலி கடுமையாக இருக்கும். முறத்தில் தள்ளிக் கால்வாயில் விட்டுவிடலாம். இதன் சிறிய உறவினங்களில் முட்டைகளை முதுகில் சுமந்து காப்பது ஆண் பூச்சி. அவை கொசுப்புழுக்களை உண்பவை.

குழியானையின் வளர்ந்த உரு: தேரி மணலிலும் திண்ணையோரப் புழுதியிலும் புனல்போலக் குழிபறித்து எறும்புக்குக் காத்திருக்கும் குழியானையை நெல்லைச் சீமைப் பிள்ளைகள் எல்லாரும் அறிவார்கள். அதுவே வளர்ந்து சிறகு பெற்று விளக்குக்கு வந்தால் யாருக்கும் தெரிவதில்லை. ஊசித்தட்டானைப் போன்ற உடல், வலைப்பின்னல் சிறகு, தள்ளாடும் பறத்தல். தட்டானுக்கு உணர்கொம்பு மயிரளவே இருக்கும். இதற்கு நீண்டு நுனி தடித்து வளைந்திருக்கும். அதுவே வேறுபாடு.

ஈசல்: கறையானின் சிறகு முளைத்த ஆணும் பெண்ணும். ஒரே இரவில் சிறகுதிர்த்து இணைதேடிப் போய்விடும். புறநானூற்றின் 119-ஆம் பாட்டில் கபிலர் ஈசலும் மோரும் சேர்ந்த புளிப்பு உணவைச் சொல்கிறார். அரிசியோடு வறுத்துத் தின்ற தலைமுறை நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது.

4.5 பேரந்துகள்

இருண்ட மச்சிலும் மாட்டுத்தொழுவத்திலும் சுவரோடு ஒட்டி, சிறகில் ஆந்தைக் கண்போன்ற வட்டத்துடன் இருப்பது எரெபஸ் மாக்ராப்ஸ். பறவையை மிரட்ட உதவும் கண் அது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவார ஊர்களில் உள்ளங்கையைவிடப் பெரிய செம்பழுப்பு அந்து ஒன்று வாசலில் வந்து அமர்வதுண்டு. அது அட்டகஸ் டாப்ரோபேனிஸ். தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரியது. வளர்ந்தபின் உண்ண அதற்கு வாயே கிடையாது. புழுவாக இருந்தபோது சேர்த்ததை வைத்துச் சில நாள் வாழ்ந்து முட்டையிட்டு மடிகிறது.

மிகவும் அஞ்சப்படுவது மண்டையோட்டு அந்து. முதுகில் மண்டையோடு போன்ற குறி. தொட்டால் கீச்சென்று கத்தும். உறிஞ்சுகுழல் வழியே காற்றைத் தள்ளுவதால் எழும் ஒலி அது. தேன்கூட்டுக்குள் புகுந்து தேன் குடிக்கும். அதன் கொழுத்த, வாலில் கொம்புள்ள புழு எள்ளுச்செடியில் வளரும். இறப்பின் அறிகுறி என்று இதை அஞ்சுவதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

5. மெய்யான ஆபத்து

5.1 கூட்டம்

கருத்த உடலில் அகன்ற மஞ்சள் பட்டையுடன் தென்னை, பனை, பழஞ்சுவர்ப் பொந்து ஆகியவற்றில் கூடு கட்டும் பெருங்குளவியைத் தெற்கே கடந்தை என்றும் வடக்கே கதண்டு என்றும் சொல்கிறோம். வெஸ்பா டிராபிகா, வெஸ்பா அஃபினிஸ் என்பவை இவ்வகை. தனியாகப் பூவிலோ மீன்கடையிலோ திரியும் கடந்தை சண்டைக்கு வராது. கூட்டின் அதிர்வே அதைக் கிளப்பும். ஒன்று கொட்டினால் அந்த நஞ்சின் மணம் மற்றவற்றை அழைக்கும். ஒரே கடந்தையால் பலமுறை கொட்டவும் முடியும். பனையேறிகள் ஏறுமுன் மட்டையைத் தட்டிப் பார்ப்பது அனுபவத்தில் பிறந்த பாதுகாப்பு.

கோபுரம், பாலம், உயர்ந்த நீர்த்தொட்டி ஆகியவற்றில் ஒற்றை அடையாகத் தொங்கும் மலைத்தேனீயும் இப்படிக் கும்பலாகவே தாக்கும். புகையும் கல்லெறியும் அதைக் கலைக்கும்.

சன்னல் சட்டத்தில் தாள்போன்ற சாம்பல் நிறச் சிறு கூட்டுடன் இருக்கும் செம்பழுப்புக் குளவி ரோபாலிடியா மார்ஜினாட்டா இவற்றைவிட மிக அமைதியானது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ராகவேந்திர கடக்கர் இதன் குடும்ப வாழ்வைப் பல்லாண்டு ஆராய்ந்து 2001-இல் நூலாக்கினார். அதன் அரசி கூட்டிலேயே சாதுவானவள் என்பது அவர் கண்ட வியப்பு. கைபடும் இடத்தில் இல்லாவிட்டால் இக்கூட்டை விட்டுவைக்கலாம்.

5.2 சிறுமை

நெல்வயல் ஓரத்து வீடுகளில் காலையில் எழும்போது கழுத்திலோ முழங்கை மடிப்பிலோ கோடு இழுத்ததுபோல் எரிச்சலும் கொப்புளமும் தெரியும். சிலந்தி கடித்தது, பல்லி ஊர்ந்தது என்பார்கள். பெரும்பாலும் அது பீடெரஸ் என்ற, ஒரு செ.மீ.க்கு மேற்படாத, ஆரஞ்சும் கருப்பும் மாறிமாறி வரும் மெல்லிய வண்டின் வேலை. இது கடிப்பதுமில்லை, கொட்டுவதுமில்லை. தோலில் ஊரும்போது நாம் தேய்த்து நசுக்கினால், உடலுக்குள் உள்ள பெடெரின் என்ற நஞ்சு தோலில் படுகிறது. ஓரிரு நாளில் கொப்புளம் எழுகிறது. அந்த நஞ்சை உண்டாக்குவது வண்டுக்குள் வாழும் நுண்ணுயிரி. வயலில் இதே வண்டு தத்துப்பூச்சிகளைத் தின்று நெல்லைக் காக்கிறது. ஆகவே உடலில் கண்டால் ஊதித் தள்ள வேண்டும். நசுங்கிவிட்டால் சோப்புப் போட்டு உடனே கழுவ வேண்டும். கண்ணைத் தேய்க்கவே கூடாது.

செம்பருத்தி, உளுந்துப் பூக்களில் கருப்பும் செம்மஞ்சளும் பட்டையிட்டு வரும் மைலாப்ரிஸ் வண்டும் பிடித்தால் கொப்புளம் உண்டாக்கும். பிள்ளைகளுக்கு அதை அடையாளம் காட்டி வைப்பது நல்லது.

இவை எல்லாவற்றையும்விடத் தீங்கு செய்வது, கண்டதும் யாரும் கூவாத ஒரு பூச்சி. காலில் வெள்ளை வளையமிட்டுப் பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசு. மாடித்தொட்டியிலும் கவிழாத தேங்காய்ச் சிரட்டையிலும் பிறந்து டெங்குவைக் கொண்டுவருகிறது. அதன் புழுவைத் தண்ணீரில் தின்பது தட்டானின் குஞ்சு. வளர்ந்த கொசுவை ஆகாயத்தில் பிடிப்பது தட்டான். சாரல் காலத்தில் வரும் மஞ்சள் தட்டான் பாண்டலா ஃப்ளாவெசென்ஸ் இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாகக் கடல் கடந்து கிழக்கு ஆப்பிரிக்கா வரை போகிறது என்று ஆய்வாளர் சார்லஸ் ஆண்டர்சன் 2009-இல் எழுதினார். அத்தனை தூரம் போகும் விருந்தாளியின் வாலில் பிள்ளைகள் நூல்கட்டாமல் பார்த்துக்கொள்வது நம் கடமை.

6. நடைமுறை

இரவில் வாசல் விளக்கை வெள்ளையிலிருந்து மஞ்சளுக்கு மாற்றினால் வரும் பூச்சி குறையும். உள்ளே வந்ததை வெளியேற்ற, அறை விளக்கை அணைத்து வெளி விளக்கைப் போட்டுச் சன்னலைத் திறந்தால் போதும். தனியாக அமர்ந்ததை ஒரு டம்ளரால் மூடி, அடியில் அட்டை செருகி வெளியே விடலாம்.

கடந்தைக் கூட்டையும் மலைத்தேன் அடையையும் மண்ணெண்ணெய் கொண்டு தாமே கொளுத்த முயலக்கூடாது. தீயணைப்பு மீட்புப் பணித்துறைக்கு 101 எண்ணில் சொல்ல வேண்டும். தேனீ கொட்டினால் கொடுக்கு தோலில் தங்கும். தாமதிக்காமல் எடுத்துவிட வேண்டும். பல கொட்டு பட்டாலும், மூச்சுத் திணறல், முகவீக்கம், மயக்கம் வந்தாலும் சுண்ணாம்பு தடவிக் காத்திருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். அத்தகைய ஒவ்வாமையில் நிமிடங்கள் கணக்கு.

7. முடிவுரை

பொன்வண்டும் ஒரு பெரிய, பறக்கும், முரட்டுக் கால் கொண்ட பூச்சிதான். உடைமரத்திலிருந்து பிடித்துத் தீப்பெட்டிக்குள் இலைபோட்டு வளர்த்த பிள்ளைகள் அதைக் கண்டு அஞ்சியதே இல்லை. பெயர் தெரியும், பழக்கம் தெரியும், ஆகவே அச்சமில்லை. பிற பூச்சிகளிடமும் அந்த அறிமுகம் வந்துவிட்டால், அஞ்ச வேண்டிய கடந்தைக் கூட்டுக்கு ஒதுங்கவும், அஞ்ச வேண்டாத குளவிக்கு இடம் கொடுக்கவும் நமக்குத் தெரிந்துவிடும்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கச் சுவரைச் சுரண்டும்போது மண்குளவிக் கூடுகள் கையில் தட்டும். சுரண்டுமுன் ஒரு கணம் பார்த்தால் போதும். அறையில் வட்டத் துளை இருந்தால் உள்ளே இருந்தது பறந்துவிட்டது, தாராளமாக எடுக்கலாம். துளை இல்லாவிட்டால் உள்ளே ஒன்று இன்னும் வளர்கிறது. எங்கள் சன்னல் மூலையில் ஐந்து அறைகள் இருந்தன. நான்கில் துளை விழுந்திருந்தது. ஐந்தாவதைச் சுற்றி ஒரு சாண் விட்டு வெள்ளையடித்தோம்.